நர்சிங் மூன்றாம் ஆண்டு: ஒவ்வொரு தடவையும் 'தப்பித்தேன்' என்றே தோன்றுகிறது

பெரியாற்றுக்காரி

வணக்கம். இங்கே வெகுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

சொந்த ஊர் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் டூ மார்க்கில் கேரளாவில் நர்சிங் சீட் ஒதுக்கும் எல்பிஎஸ் அலாட்மென்ட் வழியாக மெரிட் சீட் கிடைத்தது. இப்போது மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் பிஎஸ்சி நர்சிங் மூன்றாம் ஆண்டு. கல்லூரி பெயர் வேண்டாம்.

மார்க்கில் பிரச்சினை இல்லை. சப்ளி, அதாவது அரியர், ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ரிசல்ட் வரும்போதெல்லாம் 'பாஸ் ஆனேன்' என்று மனசு சொல்வதில்லை, 'இந்தத் தடவையும் தப்பித்தேன்' என்றுதான் சொல்கிறது. வார்டில் ஒரு பாட்டிக்கு நீலக் கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடச் சொன்னார்கள். ஒரே குத்தில் ஏறி, சேம்பரில் ரத்தம் வந்து நின்றது. டியூட்டர் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குள் உடனே ஓடியது: பாட்டிக்கு நரம்பு நல்ல நரம்பு. அடுத்த ஆளுக்கு ஏறவில்லை என்றால் மட்டும் நரம்பைக் குறை சொல்ல மாட்டேன், அது என் கை. கணக்கு எப்போதும் ஒரு பக்கமாகவே எழுதப்படுகிறது.

என் வகுப்பில் பாதிப்பேருக்கு அம்மாவோ சித்தியோ நர்ஸ். 'டிரிப் ரேட்' என்பதைச் சோறு சாப்பிடும்போதே கேட்டு வளர்ந்தவர்கள். நான் மலையாளம் பேசினால் தமிழ் வாடை அடிக்கும். கேஸ் பிரசன்டேஷன் என்றால் ஆங்கிலம், அங்கேயும் தடுமாற்றம். யாராவது விளையாட்டாக, தமிழரைக் கேலியாகச் சொல்கிற 'பாண்டி' என்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். என்றைக்காவது ஒருநாள் யாரோ எழுந்து 'இந்தப் பெண்ணை யார் உள்ளே விட்டது?' என்று கேட்பார்கள் என்று காத்துக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயராம். ரீல்ஸில் வந்தது. கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லிப் பார்த்தேன், ரூம்மேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருத்துவத் துறையில் படித்தவர்கள், படிக்கிறவர்கள், இதை எப்படிச் சமாளித்தீர்கள்?


செங்கோட்டை லேப்

எங்கள் காலத்தில் இதற்குப் பயம் என்று பெயர். டிஎம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, படிக்கும்போது எனக்கும் இருந்தது. வேலை பழகப் பழகப் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரு சிண்ட்ரோம் போட்டு வெளிநாட்டுக்காரன் விற்கிறான், நாம் வாங்குகிறோம். சப்ளி இல்லை என்கிறாயே அம்மா, பிறகு என்ன குறை? படி. போ.


கொல்லங்கோடு ஹவுஸ் சர்ஜன்

அண்ணாச்சி, 'படி, போ' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். படித்துவிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

தங்கச்சி, நான் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு. வீட்டில் தமிழ், ரோட்டில் இறங்கினால் மலையாளம். கேரளாவுக்குள் நான் பாண்டி, வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் போனால் மலையாளத்தான். பழகிவிட்டது. எம்பிபிஎஸ் முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜன்சி, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி. 'டாக்டர்' என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று.

எனக்கு உதவியது ஒரு சலிப்பூட்டும் ஆவணம். எம்பிபிஎஸ்ஸுக்கு 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. அதில் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் எழுத்துக் குறி போட்டிருப்பார்கள். கே என்றால் விஷயம் தெரிந்தால் போதும். கே.எச். என்றால் எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரியணும். எஸ்.எச். என்றால் மேற்பார்வையில் செய்து காட்டணும். பி என்றால் தனியாகவே செய்யணும். 1990-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் போட்ட நான்கு படிகள்தான் இதற்கு மூலம். அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் புரட்டினால் ஒன்று தெரியும்: பி போட்ட திறன்கள் கொஞ்சம்தான். பெரும்பகுதி கே.எச்., எஸ்.எச். மாணவன் தனியாகச் செய்துவிடுவான் என்று பாடத்திட்டம் எழுதியவர்களே நினைக்கவில்லை. நாம்தான் எல்லாவற்றுக்கும் நாமாகவே பி போட்டுக்கொண்டு, அது வரவில்லை என்று ராத்திரி கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறோம்.

உங்களுக்கும், செய்து பழகியதைக் குறித்துவைக்கும் லாக் புக் இருக்குமே. அதில் எந்தெந்தக் கட்டத்தில் டியூட்டர் கையெழுத்து இருக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார். அது நீ எழுதிய கையெழுத்து இல்லை, அதிர்ஷ்டமும் கையெழுத்துப் போடாது.


புளியரை 7.5

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதில் வந்தவன். அம்மா பீடி சுற்றுகிறார். கல்லூரியில் சேர்ந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஊர் இல்லை, பெயர் இல்லை, 'நீட்ல எவ்ளோ?' சொன்னதும் 'ஓ, செவன் பாயின்ட் ஃபைவா' என்று ஒரு தலையாட்டல். முதல் வருஷம் முழுக்க அந்தத் தலையாட்டல்தான். கடைசியில் நானே அதை எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டேன்.

அதனால் எனக்கு இந்த 'சிண்ட்ரோம்' பேச்சு பிடிப்பதில்லை. பெரியாற்றுக்காரியின் மண்டைக்குள் ஏதோ கோளாறு மாதிரி இருக்கிறது. 'பாண்டி' என்றவன் மண்டையை யார் பரிசோதிப்பது? அந்த நினைப்பு இவளிடம் தானாக முளைக்கவில்லை, கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். எஸ்டேட்டுப் பெண்ணைத் தினமும் வெளியாள் போலப் பார்த்துவிட்டு, 'உனக்கு வெளியாள் போலத் தோன்றுகிறதா? மூச்சுப் பயிற்சி செய்' என்றால் என்ன நியாயம்?

நான் பிடித்துக்கொண்டது இதுதான்: உள்ளே வரும் கதவு வேறு வேறாக இருக்கலாம். வந்த பிறகு தாள் ஒன்று, பாஸ் மார்க் ஒன்று, திருத்துகிறவருக்கு என் நீட் மார்க் தெரியாது. அப்புறம் அனாட்டமி. கான்வென்ட்டில் படித்தவனுக்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயர் முதல்நாள் வாயில் நுழையவில்லை. அங்கே எல்லாரும் தமிழ் மீடியம்தான்.


கொல்லங்கோடு ஹவுஸ் சர்ஜன்

7.5 தம்பி, நீ சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் என் பேட்ச்சில் ஒருவன், தாத்தா முதல் எல்லாரும் டாக்டர், பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டால் பிபிசி. ரேங்க் வாங்குகிறவன். அவனும் ஒருநாள் ராத்திரி காஷுவால்ட்டி வாசலில் உட்கார்ந்து 'எனக்கு ஒண்ணும் தெரியாதுடா, அப்பா பேரை வெச்சு ஓட்டறேன்' என்றான். அவனை யாரும் கேலி செய்யவில்லையே.


புளியரை 7.5

அவன் ராத்திரி வாசலில் உட்கார்ந்து சொன்னான், காலையில் தலையை நிமிர்த்திக்கொண்டு ரவுண்ட்ஸ் போனான். எங்களுக்கு இரண்டு வேளையும் அதேதான், அண்ணா. வித்தியாசம் இருக்கிறது.


மனநலம் பிஜி

மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு. திருவனந்தபுரம், வீடு மார்த்தாண்டம். கொஞ்சம் தகவல் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள்.

1978-இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்த பெண்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். அவர்கள் அதை நோய்க்குறி என்று சொல்லவில்லை, ஒரு 'நிகழ்வு' என்றுதான் சொன்னார்கள். சிண்ட்ரோம் பின்னால் ஒட்டிக்கொண்டது. நோய்களைப் பட்டியலிடும் டிஎஸ்எம், ஐசிடி இரண்டிலும் இதற்கு இடம் கிடையாது. ஆகவே அண்ணாச்சியின் எரிச்சலில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. 7.5 சொல்வதிலும் இருக்கிறது, அதைப் பிறகு.

1985-இல் கிளான்ஸ் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். மதிப்பெண் 20 முதல் 100 வரை. 60-க்கு மேல் போனால் இந்த எண்ணம் அடிக்கடி தொந்தரவு செய்கிறது என்று பொருள். இணையத்தில் கிடைக்கிறது, போட்டுப் பாருங்கள், ஆனால் ரிப்போர்ட் கார்டு மாதிரிச் சுவரில் மாட்ட வேண்டாம். 2020-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்றால், ஆய்வைப் பொறுத்து 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை. அளவுகோல் மாறினால், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'இருக்கிறது' என்ற கோடு மாறினால் எண் மாறிவிடுகிறது. அதனால் 'எழுபது சதவீதம் பேருக்கு இருக்கிறது, நீ தனி ஆள் இல்லை' என்று ரீல்ஸில் யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஆண்களிடமும் இருக்கிறது, பெண்களுக்கு மட்டும் உரியது இல்லை. இன்னொன்று: இதற்கென்று ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூட அந்தத் தொகுப்புக்குச் சிக்கவில்லை. ஐந்தே படியில் விடுதலை என்று கோர்ஸ் விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

பெரியாற்றுக்காரி எழுதிய 'ஒரு பக்கக் கணக்கு' இருக்கிறதே, கிளான்ஸ் விவரித்த சுழற்சி கிட்டத்தட்ட அதுதான். வேலை வந்ததும் பதற்றம். ஒன்று, தேவைக்கு மேல் உழைப்பு, இல்லை, தள்ளிப்போட்டுக் கடைசி ராத்திரியில் ஓட்டம். நன்றாக முடிந்தால் முதல் ஆள் 'இவ்வளவு உழைத்ததால் வந்தது, எனக்குச் சரக்கு இல்லை' என்பார். இரண்டாம் ஆள் 'அதிர்ஷ்டம்' என்பார். எப்படிப் போனாலும் வெற்றி உள்ளே வந்து உட்காராது.

7.5-க்கு: வெளியே கேலி இருந்தால் அதற்கு மருந்து என்னிடம் இல்லை, கல்லூரி நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரை மட்டும் சரிசெய்யப் பார்ப்பது அரைகுறை வைத்தியம். ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, போஸ்டிங்குக்குப் போகவே கால் வரவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அதை இம்போஸ்டர் கணக்கில் போட்டு மூடிவைக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், கருத்துச் சொன்ன இளநிலை மருத்துவ மாணவர்களில் கால்வாசிக்கு மேல் தங்களுக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். கேரளாவில் திசா என்ற உதவி எண் 1056 இருக்கிறது. கூப்பிட்டால் உங்கள் கல்லூரிக்குத் தகவல் போகுமோ என்று பயப்பட வேண்டாம்.


நைட் டியூட்டி அக்கா

எல்லாரும் படித்தவர்கள் பேசிவிட்டீர்கள், வார்டிலிருந்து நான் பேசுகிறேன். பிறந்தது கம்பம். வேலை பாலக்காட்டுப் பக்கம், சர்ஜரி வார்டு இன்சார்ஜ். வருஷா வருஷம் மாணவிகள் வந்து போகிறார்கள், பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

பாப்பா, ஒன்று கேள். 'எனக்குத் தெரியாது சிஸ்டர்' என்று சொல்கிற பிள்ளையை நினைத்து நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளைதான் எனக்குப் பயம். உன் மாதிரி உள்ளுக்குள் 'நான் போலி' என்று நினைக்கிற பிள்ளை பல நேரம் அந்தத் தலையாட்டுகிற பிள்ளையாக மாறிவிடுகிறது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். உனக்கு வருகிற எண்ணத்தால் நோயாளிக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதை மறைக்க நீ செய்கிற வேலையில்தான் கெடுதல்.

உதாரணத்துக்கு இன்சுலின். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் மருந்தும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஆளுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிடும், அதற்கு மேலும் ஆகலாம். என் வார்டில் இரண்டு பேர் பார்க்காமல் இன்சுலின் யாருக்கும் ஏறாது. இருபது வருஷ சர்வீஸ் சிஸ்டரும் சிரிஞ்சை நீட்டி 'ஒரு தடவை பாருடி' என்பார். அவருக்குத் தன்னம்பிக்கை இல்லாமலா? சந்தேகப்படுவது இந்த வேலையில் சம்பளத்தோடு சேர்ந்த விஷயம். உனக்கு அது கூடுதலாகவே இருக்கிறது. அதை மருந்தின் மேல் திருப்பு, உன் மேல் திருப்பாதே.

அடுத்தது, கேட்பது எப்படி. எஸ்பார் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள்: நிலைமை, பின்னணி, உன் கணிப்பு, என்ன செய்யணும் என்று நான்கையும் வரிசையாகச் சொல்வது. அமெரிக்கக் கப்பற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை. வகுப்பில் பரீட்சைக்குப் படிக்கிறோம், வார்டில் மறந்துவிடுகிறோம். பயப்படுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை கிடையாது, ஏனென்றால் அதில் உன்னைப் பற்றி எதுவுமே வராது, நோயாளியைப் பற்றித்தான் வரும். இப்படி:

'சிஸ்டர், 6-ஆம் பெட். நேற்றுக் குடல் ஆபரேஷன் ஆனவர். காலையில் பி.பி. 120/80, இப்போது 90/60. பல்ஸ் 118. நாலு மணி நேரத்தில் யூரின் 60 மில்லிதான். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் இப்போதே வந்து பார்க்கணும்.'

அவ்வளவுதான். சந்தேகம் தப்பாக இருக்கலாம், எண் தப்பாகாது. 'ஸாரி சிஸ்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும், எனக்குச் சரியாத் தெரியல, ஒருவேளை...' என்று இழுத்தால் அங்கே 6-ஆம் பெட்டுக்கு நேரம் போய்க்கொண்டிருக்கும்.

கடைசியாக, அவசரம் வேண்டாம். பட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் எண்பதுகளிலேயே ஐந்து நிலை சொல்லி வைத்தார். புதியவர் என்று தொடங்கி நிபுணர் வரை. நடுவில் இருக்கும் 'தகுதி வந்தவர்' நிலைக்கே, ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கணும் என்பது அவர் கணக்கு. நீ வார்டு வார்டாக மாறி மாறிப் போகிறாய். மெடிசினில் கை ஓட ஆரம்பிக்கும்போது குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிப் போடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் புதியவளாகத் தோன்றுகிறது என்றால், நீ புதியவள்தான். அதில் ஏமாற்று வேலை எங்கே வந்தது?


பெரியாற்றுக்காரி

அக்கா, படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று கேட்கணும். கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்டில் மருந்து கரைப்பது பற்றி ஒரு சந்தேகம் கேட்டதும், நோயாளிகள் முன்னாலேயே 'மூன்றாம் வருஷம்தானே, இதுகூடத் தெரியாதா, எந்த ஸ்கூலில் படிச்சே?' என்று கத்தினார்கள். பக்கத்து பெட் அம்மா என்னைப் பாவம் பார்த்தார், அதுதான் இன்னும் மோசம். அதிலிருந்து ராத்திரி ரூமில் சீனியரிடம் கேட்கிறேன், வார்டில் வாயே திறப்பதில்லை. கேள் என்று சொல்வது சுலபம், கேட்கிற இடம் அப்படி இல்லையே.


புளியரை 7.5

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.


நைட் டியூட்டி அக்கா

நியாயமான கேள்வி. கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நோயாளி முன்னால் மாணவியை வைவது வேலை கற்றுக்கொடுப்பதும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. நோயாளிக்கும் நம்பிக்கை போய்விடும். தொடர்ந்தால் கிளாஸ் கோஆர்டினேட்டரிடம் எழுதிக் கொடு. தனியாகக் கொடுக்காதே, கூட இருக்கிற பிள்ளைகளையும் கையெழுத்துப் போடச் சொல். உனக்கு மட்டும் நடந்திருக்காது.

அதுவரைக்கும் இரண்டு தந்திரம். வெறுங்கையோடு கேட்காதே. 'இதை எப்படிக் கரைப்பது?' என்பதைவிட, 'சிஸ்டர், குப்பி மேல் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் என்று போட்டிருக்கிறது, அப்புறம் 100 நார்மல் சலைனில் போடலாமா, வேறு ஏதாவதா?' என்றால் கத்துகிறவருக்கும் கத்த இடம் குறைவு. பாதி பதிலை நீ கொண்டுபோகிறாய். இரண்டாவது, எந்த வார்டிலும் கேட்கத் தகுந்த ஆள் ஒருவராவது இருப்பார். அது யார் என்று ரோஸ்டரில் எழுதியிருக்காது. துப்புரவு பார்க்கிற சேச்சியிடம் கேள், அட்டெண்டரிடம் கேள். டாக்டர் முதல் டியூட்டர் வரை யார் எப்படி என்று அவர்களுக்கு அத்துபடி. புது வார்டில் முதல்நாள் நீ பிடிக்க வேண்டியது அவர்களைத்தான்.


குமுளி ஜீப்

தங்கச்சிகளுக்கு வணக்கம். நான் குமுளியில் ஜீப் ஓட்டுறேன், தேக்கடிக்கு வர்ற ஆளுகளை ஏத்தி இறக்கற வேலை. மகள் தேனிப் பக்கம் ஜிஎன்எம், நர்சிங் டிப்ளமோ, இரண்டாம் வருஷம். மகளுக்குத் தெரியாமல் இதெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி புரியவில்லை, ஆனால் ஒரு விஷயம் உறுத்துது. வண்டியில ஏறுகிற எல்லாரிடமும் 'என் மக நர்ஸு' என்று சொல்லிவிடுவேன். லயத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் அவளுக்குப் போன் போட்டு, 'எங்க டாக்டரம்மா சொல்லுவா' என்று ஸ்பீக்கரில் வைத்துவிடுவேன். முன்னாடி சிரிப்பாள். இப்போ கொஞ்ச நாளா 'அப்பா, வார்டுல இருக்கேன்' என்று கட் பண்ணிவிடுகிறாள். அவளுக்கும் இந்த மாதிரி இருக்குமோ? நான் பெருமையாச் சொல்றது அவளுக்குப் பாரமா இருக்குமோ? என்ன பேசணும் என்று தெரியாமல் கேட்கிறேன்.


பெரியாற்றுக்காரி

அண்ணே, உங்கள் மகள் சார்பில் நான் சொல்ல முடியாது. என் கதையைச் சொல்கிறேன்.

லீவுக்கு லயத்துக்குப் போனால் மறுநாள் காலையில் வாசலில் ஆள் நிற்கும். பிரஷர் மாத்திரை அட்டை, டிஸ்பென்சரி சீட்டு, ஸ்கேன் கவர், எல்லாம் கொண்டுவருவார்கள். ஒரு பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார், தலைசுற்றல் போய்விட்டதாம். எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க என்றேன். 'படிக்கிற புள்ள, சும்மா அடக்கமாச் சொல்லுது' என்று அம்மாவிடம் மெச்சிவிட்டுப் போனார். நான் உண்மையைச் சொன்னேன், அதையும் அவர்கள் பெருமையாக்கிவிட்டார்கள். அந்தப் பெருமையோடு மலையிறங்கி வார்டுக்கு வந்தால் இங்கே 'இதுகூடத் தெரியாதா'. நடுவில் நான் எங்கே நிற்பது?

உங்கள் மகளுக்குப் பாரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். லயத்தில் கேட்டால் 'அவ இன்னும் படிச்சு முடிக்கல, முடிச்சதும் சொல்லுவா, இப்ப டிஸ்பென்சரிக்குப் போங்க' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பா வாயிலிருந்து 'இன்னும் முடிக்கல' என்று வந்தால் எவ்வளவு நிம்மதி தெரியுமா? என் அப்பா சொன்னால் நான் அழுதுவிடுவேன். அப்புறம் போனில் 'எப்படி இருக்கே' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் வரும். 'இன்னைக்கு எந்த வார்டு? என்ன கேஸ் பார்த்தே?' என்று கேளுங்கள். பேசுவாள்.


குமுளி ஜீப்

சரிம்மா. இன்னைக்கே ஸ்பீக்கரை விட்டாச்சு. வண்டியில் சொல்றதை மட்டும் விட முடியாது, அது என் வண்டி.


கொல்லங்கோடு ஹவுஸ் சர்ஜன்

அண்ணே, அதை விடவே விடாதீங்க.


செங்கோட்டை லேப்

இவ்வளவு நேரம் வாசித்தேன். அக்கா சொன்ன இன்சுலின் விஷயத்தைப் படித்ததும் என் வேலை ஞாபகம் வந்தது. லேபில் தினமும் காலையில் நோயாளி சாம்பிளைத் தொடுவதற்கு முன்னால் கன்ட்ரோல் ஓட்டுவோம். விடை முன்கூட்டியே தெரிந்த சாம்பிள். மெஷின் அந்த விடையைச் சொல்கிறதா என்று பார்ப்போம். சொல்லவில்லை என்றால் காலிபரேட் செய்வோம், அதாவது அளவைச் சரிசெய்வோம். பல லட்சம் மெஷினை தினமும் சந்தேகப்படுகிறோம், அதற்காக 'இது போலி மெஷின், தூக்கி வெளியே போடு' என்று யாரும் சொல்வதில்லை. அளவு தள்ளிப் போயிருக்கிறது என்பது வேறு, மெஷினே போலி என்பது வேறு. இந்தப் பெண் தினமும் இரண்டாவதைச் சொல்லிக்கொள்கிறாள் போல.

ஆனாலும் சொல்கிறேன், படிக்காமல் எதுவும் நடக்காது.


மனநலம் பிஜி

அண்ணாச்சி, வகுப்பில் இதை நான் திருடிக்கொள்ளப் போகிறேன்.

அந்த கன்ட்ரோல் விஷயத்தைப் பெரியாற்றுக்காரி அப்படியே செய்யலாம். விடை தெரிந்த ஆளிடம் காட்டிச் சரிபார்ப்பது. உன் மனசு போடுகிற மார்க்கை நம்பாதே, அது ஒரே பக்கம் எழுதுகிற கணக்குப்பிள்ளை. போஸ்டிங் முடியும்போது டியூட்டரிடம் போய் 'நான் எப்படி?' என்று கேட்காதே, 'நன்று' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். 'கேனுலா போடுவதில் நான் எதை மாற்றணும், எதை அப்படியே வைத்துக்கொள்ளணும்?' என்று கேள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். அதைத் தேதி போட்டு எழுதி வை. மனசு அடுத்த தடவை வாதாடும்போது எழுத்து கையில் இருக்கும்.


கொல்லங்கோடு ஹவுஸ் சர்ஜன்

ஒரு யோசனை. பேசிப் பேசி கேஸ் பிரசன்டேஷன் பயம் போகாது, செய்தால்தான் போகும். ஞாயிறு சாயங்காலம் கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம். ஒருவர் ஒரு கேஸ் சொல்லணும், நோயாளியின் பெயர், ஐபி நம்பர், படம் எதுவும் கூடாது. முதல் சுற்று தமிழிலேயே சொல்லலாம், விஷயம் மண்டையில் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டாம் சுற்று அதே கேஸ் ஆங்கிலத்தில். பாதி தடுமாற்றம் மொழியால், பாதிதான் பாடத்தால். இரண்டையும் பிரித்துவிட்டால் எதற்கு உட்கார்ந்து படிக்கணும் என்று தெரியும். சந்தேகம் கேட்டால் கத்தக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். 7.5 தம்பி, நீயும் வா.


புளியரை 7.5

வர்றேன். நீட் மார்க் கேட்கிறவனை வெளியே தள்ளிவிடுவேன்.


நைட் டியூட்டி அக்கா

இந்த ஞாயிறு எனக்கு ஆஃப். கேட்டுக்கொண்டிருப்பேன், நர்சிங் பக்கம் சந்தேகம் என்றால் சொல்கிறேன். பாப்பா, முதல் கேஸ் நீ. என்ன எடுக்கிறாய்?


பெரியாற்றுக்காரி

சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண், விரல் எடுத்திருக்கிறார்கள். கேர் பிளான் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் சொல்லலாம் என்றதும் பாதி பயம் போய்விட்டது. நிஜமாகவே சொல்லலாமா?


செங்கோட்டை லேப்

சொல்லு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்ச்சர் (புண்ணில் என்ன கிருமி) ரிப்போர்ட் மூன்றும் கையில் வைத்துக்கொள், நான் அதில் மட்டும் கேள்வி கேட்பேன். கல்ச்சரைத் தப்பாக வாசித்தால் திட்டுவேன், முன்னாடியே சொல்லிவிட்டேன்.


கொல்லங்கோடு ஹவுஸ் சர்ஜன்

அண்ணாச்சி, சட்டம்.


செங்கோட்டை லேப்

சரி சரி. மெதுவாகத் திட்டுகிறேன். எத்தனை மணிக்கு?


பெரியாற்றுக்காரி

ஏழரைக்கு மேல் வையுங்கள் அண்ணாச்சி. ஏழு மணிக்கு மெஸ்ஸில் கோழி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுவார்கள். அதை விட்டுவிட்டு வர முடியாது.